விசில் அடித்தால் நிறுத்து

விசில் அடித்தால் நிறுத்த வேண்டும். தென்மலைப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் நான்கு வருடம் இருந்த எனக்கு அருளானந்தம் மாஸ்டர் கற்றுக்கொடுத்த ஒரே வித்தை அதுதான். பந்தை நிறுத்துவது அல்ல, கேமராவை நிறுத்துவது.

அணியில் பன்னிரண்டு பேர். நான் பன்னிரண்டாவது ஆள். என் பெயர் சற்குணம் என்றாலும் விடுதியில் எல்லோரும் ‘பன்னெண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். மாஸ்டருக்கு ஆட்டத்தை நேரில் பார்ப்பதில் திருப்தியில்லை. பயிற்சியானாலும் போட்டியானாலும் எல்லாவற்றையும் படம் பிடித்துப் போட்டு, டிவி பெட்டி முன்னால் எங்களை உட்காரவைத்துத் தப்பு கண்டுபிடிப்பார். சிங்கப்பூரிலிருந்து அவர் தம்பி கொண்டுவந்த கேமரா, தோளில் தூக்கிவைக்கிற ரகம், ஒரு சின்ன ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். அதைத் தூக்க ஆள் வேண்டும். ஆடாத ஆள் நான்தானே.

கேசட் லேசில் கிடைக்காத காலம். ஒரு கேசட்டில் மூன்று ஆட்டம் அடக்க வேண்டும் என்பது மாஸ்டர் உத்தரவு. அதனால் பந்து ஓடும்போது மட்டும் கேமரா ஓடும். விசில் அடித்தால் நிறுத்து, பந்து உள்ளே வந்தால் ஓட்டு. இரண்டுக்கும் ஒரே பட்டன். ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கண்வைத்துப் பார்க்கும் துளைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி. நான்கு வருடத்தில் என் கட்டைவிரல் எப்படிப் பழகிவிட்டது என்றால், சாலையில் போலீஸ்காரர் விசில் அடித்தால்கூட அது தானாக ஒருமுறை அமுங்கும். இன்றைக்கும் அப்படித்தான்.

ஆக எங்கள் அணியின் நானூறு மணி நேரப் படத்தில் ஒருவன்கூட உட்கார்ந்தது கிடையாது. தண்ணீர் குடித்தது கிடையாது. வியர்வை துடைத்தது, நடுவரைத் திட்டியது, தோளில் கைபோட்டுச் சும்மா நின்றது எதுவும் கிடையாது. ஓட்டம்தான், ஓட்டம் மட்டும்தான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கு. நாற்பத்தேழு வருடம் கழித்து, உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வும் பெற்று, சர்க்கரை மாத்திரையும் நடைப்பயிற்சியுமாக இருந்த என்னை மாஸ்டரின் மகள் பிலோமினா போனில் கூப்பிட்டாள். அவள் இப்போது அதே பல்கலைக்கழகத்தின் படக் காப்பகத்துக்குத் தலைவி.

“சற்குணண்ணே, ஒரு எட்டு வந்துட்டுப் போவியளா? உங்க கையெழுத்துப் போட்ட டேப்பா இங்க குமிஞ்சு கெடக்கு.”

காப்பகம் பழைய உள்விளையாட்டரங்கின் நிலவறையில் இருந்தது. ஜன்னல் இல்லாத அறை. கனமான கதவை அவள் சாத்தியதும் வெளிச்சத்தம் அறுந்துவிட்டது. அறுபதுகளில் எடுத்த பிலிம் சுருள்கள் தகர டப்பாக்களில் புளித்த காடி வாசனை அடித்துக்கொண்டிருந்தன. அதற்கப்புறம் வரிசையாக என் கேசட்டுகள். எதிரணி, ஊர், தேதி, எல்லாம் என் கோழிக்கிறுக்கலில்.

“இருநூத்திப் பதினொண்ணாம் டேப்பு, கடைசி மேட்ச்சு. முதல் பாதியோட நிக்கி” என்றாள் பிலோமினா. “ரெண்டாம் பாதி எங்கண்ணே?”

“அது மிஷின்ல சிக்கி நாசமாப் போச்சும்மா. அப்பவே மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேனே.”

நாற்பத்தேழு வருடம் பழகிய பொய். பொய்ப்பல் மாதிரி, வாயில் இருப்பதே தெரியாது. அவள் தலையாட்டிக்கொண்டு என்னை மேலே ஆடுகளத்துக்குக் கூட்டிப்போனாள்.

களம் காலியாக இருந்தது. காலை பத்தரை மணி. கூரையைச் சுற்றிலும் கைக்கடக்கமான கருவிகள் நூற்றுக்கணக்கில் தொங்கின. அவள் ஒரு மூக்குக்கண்ணாடியை என் கையில் கொடுத்தாள்.

“இதுக்கு மீள்களம்னு பேரு வச்சிருக்கோம். பழைய டேப்ப ஓட்டிக் காட்டுத வேல இல்லண்ணே. ஒரு ஆளு எப்படி ஓடுதான், எந்தப் பக்கம் திரும்புதான், எப்பக் கத்துதான், பந்து கைக்கு வந்ததும் யாரத் தேடுதான், அத்தனையையும் மெஷினு படிச்சிக்கிடும். படிச்சிட்டு அந்த ஆளாவே நின்னு அடுத்தத யோசிக்கும். நீங்க பந்த எறிஞ்சாப் பிடிப்பான். பேசுனா பதில் சொல்லுவான். ஒரே டீம இவ்வளவு நேரம் படம் எடுத்து வச்சது எங்க அப்பா ஒராளுதான். அதான் இந்த டீமு.”

“உசுரு இருக்காம்மா?”

“அந்தக் கேள்விய நான் விட்டுட்டேண்ணே. ஒருத்தன் மூச்சு முட்டுதுங்கும்போது, உனக்கு உசுரு இருக்கான்னா கேக்க முடியும்?”

கண்ணாடியைப் போட்டேன். ஒன்பதாம் நம்பர் பனியனில் இசக்கிமுத்து ஓடிக்கொண்டிருந்தான். ஆறடி நான்கு அங்குலம், சுருட்டை முடி, இடது முழங்காலில் அழுக்கு நாடா. கடைசி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில், முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, கூடைக்கு அடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து அப்படியே போய்ச்சேர்ந்தவன். இருபத்திரண்டு வயது. என் அறைத்தோழன்.

களத்தில் பந்து இல்லை, எதிரணி இல்லை. அவன் மட்டும் இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தான்.

“இசக்கி.”

தலை திரும்பியது, கால் நிற்கவில்லை. “ஏல, சற்குணமா? சத்தம் சற்குணம் மாதிரிதான் இருக்கு. ஆனா கெழட்டுச் சத்தமால்லா இருக்கு.”

“நாந்தாம்ல.”

“எங்கல நிக்க? உன் மூஞ்சி எனக்கு ஞாபகமே வரமாட்டேங்கு பாத்துக்கோ. ஒரே ரூம்ல கெடந்தோம்னு பிலோமினா சொல்லுது. எனக்கு உன் சத்தம் மட்டுந்தான் இருக்கு.”

இருக்காதா பின்னே. நான் ஒரு படத்திலும் இல்லை. கேமராவுக்குப் பின்னால் இருந்து ‘ஓடுல, ஓடுல’ என்று கத்தியது மட்டும் பதிவாகியிருக்கும்.

“ஒரு சந்தேகம் கேக்கட்டா?” என்றான், என்னைக் கடந்து ஓடியபடி. “விசில் அடிக்கி. அடிச்ச உடனே அடுத்த பந்து வருது. நடுவுல என்னமோ இருக்கணும்லா? எனக்கு மட்டும் அது இல்ல. தேடிப் பாத்துட்டேன். விசிலுக்கு அந்தப் பக்கம் சுவரு மாதிரி இருக்கு. மூச்சு வாங்குதுல சற்குணம். நெஞ்செல்லாம் எரியுது.”

“கொஞ்சம் உக்காருல.”

“எப்பிடி?”

கேலி செய்கிறான் என்று நினைத்தேன். இல்லை. நான் சொன்னதைச் செய்யத்தான் பார்த்தான். முழங்காலை மடக்கினான். பாதியில் நின்றுவிட்டான். கைகள் இரண்டும் தானாக விரிந்தன. எதிராளியை மறிக்க நிற்போமே, அந்த நிலை. அவனுக்குத் தெரிந்த ஒரே மடக்கல் அதுதான். அப்படியே கால் நடுங்க நின்று, “இதுக்கு மேல தெரியல” என்றான். பிறகு மறுபடி ஓட ஆரம்பித்தான்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். கழற்றியதும் களம் காலி. ஆனால் அவன் அங்கேதான் இருந்தான் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

“எத்தன நாளா இப்படி?”

“பதினாலு மாசம். அணைச்சு வச்சுப் பாத்தோம். அணைச்சது அவனுக்குத் தெரியமாட்டேங்கு. அணைச்ச எடத்துலருந்து அடுத்த ஓட்டம், அவ்வளவுதான். மத்தவங்கள ஓட்டுனாலும் இப்படித்தான் ஓடுதாங்க. ஆனா கேமரா எப்பவும் இசக்கி பின்னாலதான் போயிருக்கு. அதனால இவன்தான் முழுசா வந்திருக்கான். முழுசா வந்தவனுக்குத்தான வலிக்கும்.”

கேமரா அவன் பின்னால் போனது என் தோளில் இருந்துதான். அவன் ஆட்டத்தின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை, அவ்வளவு பொறாமை. இரண்டும் ஒரே கண்ணால் பார்த்தவைதான்.

பிலோமினா அரங்கின் படியில் உட்கார்ந்தாள். “திங்கக்கிழமை திறப்பு விழா. பொலம்புத ஆட்டக்காரனப் பாக்க யாரு வருவான்னு கமிட்டியில கேட்டாங்க. வாய மட்டும் எடுத்துரலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. காலு ஓடும், சத்தம் வராது.”

“ஒரேயடியா நிறுத்திர முடியாதாம்மா?”

“நிறுத்துனா அழிச்ச மாதிரிதான். எனக்கு அந்தத் தைரியம் இல்ல, அவங்களுக்கு அந்த எண்ணமும் இல்ல. அவன் எங்கயாவது உக்காந்த படம் இருந்தாப் போதும்ணே. ஒரு நிமிசம். அத வச்சு மெஷினு பழகிக்கிடும். நானூறு மணி நேரத்துல ஒரே ஒரு நிமிசம் இல்ல.”

என்னிடம் பதினோரு நிமிடம் இருந்தது.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் மூச்சு முட்டியது. பரணில், ஒரு ஷூ பெட்டிக்குள், ஓய்வு பெற்ற அன்று போர்த்திய சால்வையில் சுற்றி அந்தக் கேசட் இருக்கிறது. பூஞ்சை பிடிக்காமல் இருக்க, பள்ளிக்கூடத்துக்கு வரும் ஷூ பெட்டிகளிலிருந்து ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டு வைத்திருக்கிறேன். என் மனைவி சாகும்வரை அது எனக்குப் பிரியமான பழைய ஷூ என்றே நினைத்திருந்தாள்.

அன்றைக்கு நடந்தது இதுதான். வெளியூர் ஆட்டம், சிமெண்ட் தரை, மார்ச் மாத வெயில், மதியம் மூன்று மணி. கேமராத் துளையைச் சுற்றியிருந்த ரப்பர் கிழிந்துபோயிருந்தது. வெயில் உள்ளே புகுந்து சிவப்புப் புள்ளி தெரியவில்லை. இரண்டாம் பாதி தொடக்கத்தில் ஒரு தள்ளுமுள்ளு, பதற்றத்தில் பட்டனை இரண்டு தரம் அமுக்கிவிட்டேன். அதோடு எல்லாம் தலைகீழ். நான் ஓட்டுவதாக நினைத்தபோது கேமரா நின்றது, நிறுத்தியதாக நினைத்தபோது ஓடியது. ஆட்டத்தில் ஒரு நொடிகூடப் பதிவாகவில்லை. இடைவேளைகள் மட்டும் பதிவாயின, தோளிலிருந்து இறக்கிக் கையில் தொங்கவிட்ட கேமராவின் கண்ணால். கால்கள், பெஞ்சு, தண்ணீர்க்குடம். பேச்சு மட்டும் தெளிவாக இருக்கும். நான்கு வருடத்தில் நான் செய்த ஒரே தவறு அது. இசக்கி உட்கார்ந்த படம் உலகத்தில் அந்தத் தவறில் மட்டும்தான் இருக்கிறது.

அந்தப் பேச்சில்தான் என் வினை. மாஸ்டர் என்னிடம் ஒன்று கேட்கிறார், நான் ஒரு பதில் சொல்கிறேன். இசக்கி செத்தபிறகு பத்திரிகைகள் மாஸ்டரைக் கிழித்தன. முடியாத பையனை வெறிபிடித்து ஆடவைத்தார் என்று விசாரணை வைத்து வேலையிலிருந்து அனுப்பினார்கள். அவர் பஸ் நிலையத்துக்கு எதிரே சைக்கிள் கடை போட்டார். பிலோமினாவைப் பள்ளிக்கூடத்தில் கொலைகாரன் மகள் என்றார்கள். நானோ கல்யாண வீட்டிலும் ஆசிரியர் அறையிலும், “நாலு வருசம் உக்கார வச்சாரு, ஒரு நாள் இறங்க விடல” என்று சொல்லிச் சொல்லியே வயதானேன். கேட்டவர்கள் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மாஸ்டர் வீட்டுக்குப் போவேன். அவர் கேக் வெட்டித் தருவார். சாகும் வரைக்கும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, கேக்கைத் தின்றது.

அப்படியென்றால் கேசட்டை எரித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எரிக்க மனம் வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை வரை சாப்பாடு இறங்கவில்லை. கொடுத்தால் நான் யார் என்பது எல்லோருக்கும் தெரியும், முதலில் பிலோமினாவுக்கு. கொடுக்காவிட்டால் இசக்கி திங்கட்கிழமை முதல் வாயில்லாமல் ஓடுவான். நான் செத்தபிறகும் ஓடுவான். கண்ணை மூடினால் அந்தப் பாதி மடங்கிய முழங்கால் நடுங்குவதுதான் தெரிந்தது. சனிக்கிழமை காலை ஏணி போட்டு ஏறினேன்.

நிலவறையில் பிலோமினா கேசட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். எனக்கு அந்தக் கதவைத் திறந்துகொண்டு ஓட வேண்டும் போல இருந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

திரையில் சாய்ந்த சிமெண்ட் தரை. ஒரு பெஞ்சின் கால். நீளமான இரண்டு கால்கள் வந்து தொப்பென்று நீட்டிக்கொண்டன. இடது முழங்காலில் அழுக்கு நாடா.

“நெஞ்சப் பிசையுது சார். செத்த உக்காந்துக்கிடுதேன்.”

“உக்காருல. மொள்ள மூச்சு விடு.” மாஸ்டரின் குரல். பிலோமினாவின் கை வாய்க்குப் போனது. அவள் அப்பாவின் இந்தத் தணிந்த குரலைக் கேட்டு முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும்.

மற்றவர்கள் தண்ணீர்க்குடத்தருகே தூரத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தில் நான்கு பேரும் இசக்கியும். இரண்டு பேர் ஐந்து பவுல் வாங்கி வெளியே. ஒருவனுக்குக் கணுக்கால் வீக்கம், ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு, இரண்டு பேர் அரியர் பரீட்சை என்று ஊரிலேயே நின்றுவிட்டார்கள். மிச்சம் ஒரே ஆள். மாஸ்டரின் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ கேமராவை நோக்கி வந்து நின்றது.

“சற்குணம். அவனுக்கு முடியல. நீ இறங்கு.”

மைக்கை ஒட்டி ஒருவன் மூச்சு விடுவது கேட்டது. பிறகு அவன் குரல், இருபத்தோரு வயதுக் குரல், பயத்தில் கீச்சென்று:

“சார்… கேமராவ யாரு சார் பிடிப்பா?”

நான்கு நொடி எதுவும் இல்லை. அந்த நான்கு நொடியை எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

“ஓ” என்றார் மாஸ்டர். அவ்வளவுதான். ஷூ திரும்பிப் போனது.

“பரவால்ல சார், நான் போறேன்” என்றான் இசக்கி. “இன்னும் அஞ்சு நிமிசந்தான.” நீண்ட கால்கள் மடங்கி எழுந்தன. விசில் சத்தம். படம் அறுந்தது. அறுத்தது என் கட்டைவிரல்.

பிலோமினா திரையிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

“அங்க ஒரு ஸ்டூலு இல்லையாண்ணே?”

“இருந்துச்சும்மா.”

“கேமராவ அதுமேல வச்சிருக்கலாம்லா.”

“வச்சிருக்கலாம்.”

“மாத்து ஆளு இருந்தானான்னு விசாரணையில கேட்டாங்க. இருந்தான், நாந்தான் இறக்கலன்னு அப்பா சொன்னாவ. எங்கிட்டயும் அதையேதான் சொன்னாவ, கடைசி வரைக்கும். கொலகாரன் மவள்னு சொல்லுதாங்கப்பான்னு அழுதுட்டு வந்து நிப்பேன். அப்பவும் உங்க பேரு வரல அவிய வாயில.” அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “ஏன் இத வச்சிருந்திய? எரிச்சிருக்கலாமே.”

“இதுல மட்டுந்தாம்மா மாஸ்டர் என்னைய இறங்குன்னு சொல்லியிருக்காரு.”

சொல்லும்போது அழுதுவிட்டேன். எவ்வளவு அசிங்கமான காரணம். ஆனால் அதுதான் காரணம். அவள் ஒரு பேனாவை எடுத்து, கேசட்டின் வெற்று ஒட்டுத்தாளில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினாள்.

“திங்கக்கிழமை பத்து மணிக்கு வாங்க” என்றாள். “வராம இருந்துராதீங்க.”

வந்தேன். துணைவேந்தர், கமிட்டிக்காரர்கள், மாணவர்கள் என்று நூறு பேர் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கியது. எங்கள் அணி ஐந்து பேரும் அப்படியே; எதிரணியையும் நடுவரையும் மெஷினே உண்டாக்கியிருந்தது. பத்து நிமிடம் ஓடியிருக்கும். நடுவர் விசில் அடித்தார். என் கட்டைவிரல் அமுங்கியது.

இசக்கி நின்றான்.

சுற்றிலும் பார்த்தான். பெஞ்சை நோக்கி நடந்தான். நடந்தான், ஓடவில்லை. முழங்காலை மடக்கி, பாதியில் ஒரு கணம் தயங்கி, பிறகு முழுவதுமாக உட்கார்ந்து, நீண்ட கால்களை முன்னால் நீட்டினான். துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டான். நெஞ்சு ஏறி இறங்கி ஏறி இறங்கி, மெல்ல மெல்ல அடங்கியது. துண்டுக்கு அடியிலிருந்து, “யம்மாடி” என்று ஒரு சத்தம் வந்தது. நான் பிலோமினாவைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அப்போதுதான் கோட்டோரத்தில் இன்னொருவன் நிற்பதைப் பார்த்தேன்.

ஒல்லியாக, தோள் ஒருபக்கம் இறங்கி, கையில் கேமராவோடு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்று ஒன்றும் இல்லை. வெள்ளைக் கேன்வாஸ் ஷூ அவனை நோக்கிப் போனது. மாஸ்டர்தான், முழங்காலுக்கு மேலே மங்கலாக.

“சற்குணம். அவனுக்கு முடியல. நீ இறங்கு.”

முகமில்லாதவன் மூச்சு விட்டான். “சார்… கேமராவ யாரு சார் பிடிப்பா?”

இசக்கி துண்டை எடுத்துவிட்டு எழுந்தான். “பரவால்ல சார், நான் போறேன்.”

விசில். மறுபடி ஓட்டம். கூட்டம் கைதட்டியது. அவர்களுக்கு என்ன தெரியும். அடுத்த இடைவேளையில் அதேதான். அதற்கடுத்ததிலும் அதேதான். இசக்கி உட்கார்வான், மாஸ்டர் கேட்பார், அவன் அதையே சொல்வான், இசக்கி எழுவான்.

“அவன யாரும்மா உள்ள விட்டா? நான் படத்துலயே இல்லையே.”

“ஒரு டேப்பு பாக்கி இல்லாம நீங்கதான் இருக்கியண்ணே” என்றாள் பிலோமினா. “ஆட்டம் பூரா உங்க தோள்லதான ஆடிருக்கு. யாரப் பாத்திய, எப்ப நடுங்குனிய, எங்க மூச்சப் பிடிச்சிய, எல்லாம் அதுல இருக்கு. உங்க அளவுக்கு மெஷினு வேற யாரையும் படிக்கல. எங்க நிக்கான்னுதான் அதுக்குத் தெரியாம இருந்துச்சு. இந்த டேப்புல தெரிஞ்சிட்டு.”

“எடுத்துரும்மா அவன. உன்னக் கும்பிடுதேன்.”

“அவன எடுத்தா இந்த டேப்ப எடுக்கணும். டேப்ப எடுத்தா இசக்கி உக்கார மாட்டான்.” அவள் என்னைப் பார்த்தாள். பார்வையில் கோபம் இருந்திருந்தாலும் பரவாயில்லை. “நான் வேணும்னு செய்யலண்ணே. சத்தியமா.”

ஆக இசக்கிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிற ஒவ்வொரு தடவையும் நான் ‘மாட்டேன்’ என்று சொல்ல வேண்டும். நாளைக்கும், மறுநாளும், இந்தக் கட்டடம் இருக்கும் வரைக்கும். அந்த முகமில்லாதவனுக்குத் தெரிந்தது அந்த ஒரே பதில்தான்.

நான்காவது இடைவேளைக்கு விசில் அடித்தது. நான் எழுந்து படியிறங்கிக் களத்துக்குள் போனேன். யாரோ “பெரியவரே, பெரியவரே” என்று கூப்பிட்டார்கள். இசக்கி உட்கார்ந்தான். மாஸ்டரின் ஷூ வந்தது.

“நீ இறங்கு.”

“சார்… கேமராவ யாரு சார்…”

“குடுல” என்றேன். “நான் பிடிக்கேன்.”

முகமில்லாத தலை என் பக்கம் திரும்பியது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். அறுபத்தெட்டு வயதுக் கை. நான்கு நொடி இருக்கும். அவன் கேமராவைத் தோளிலிருந்து இறக்கி என் கையில் வைத்தான். கனம் ஒன்றும் இல்லை, காற்றுதான். ஆனாலும் என் தோள் தானாக இறங்கிக்கொண்டது. அவன் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான்.

“பன்னெண்டு வாராம்ல” என்று பெஞ்சிலிருந்து இசக்கி சிரித்தான். எழுந்திருக்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, முகமில்லாதவன் கேவலமாக ஆடினான். நான் ஆடி ஒரு படம்கூட இல்லாததால் மெஷினுக்கு எதுவும் தெரியவில்லை. பந்தை விட்டான், காலில் கால் தட்டி விழுந்தான், எதிரணிக்காரனுக்கே பந்தைக் கொடுத்தான். அந்த ஆட்டத்தில் தோற்றோம். துணைவேந்தர் முகம் சுருங்கிப்போயிற்று. பெஞ்சில் கால்நீட்டி உட்கார்ந்து இசக்கி தண்ணீர் குடித்தபடி, “பந்தப் பாத்து ஓடுல, மூதேவி” என்று கத்திக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்குப் போகிறேன். ஒரு நாள் காய்ச்சலில் போகவில்லை. அன்று முகமில்லாதவன் பழையபடி அதையே சொன்னானாம், இசக்கி எழுந்து போனானாம். விழாவுக்குப் பிறகு தினமும் ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குகிறார்கள். மெஷினுக்கு அன்றைய தினம் மட்டும்தான் ஞாபகம், மறுநாள் முதலிலிருந்து. கோவையில் இருக்கும் மகன் வந்து தன்னோடு இருக்கச் சொல்கிறான். முடியாது என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பிறகு யார் என்று பிலோமினாவிடம் கேட்டேன். “ஒரு ஸ்டூல் போட்டுருவோம்ணே” என்றாள். அவள் என்னிடம் சிரித்துப் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு, போட முடியுமா என்று தெரியவில்லை என்றும் சொன்னாள்.

களத்தோரத்தில் வெறுங்கையைத் தோளுக்கு உயர்த்திக்கொண்டு ஒரு கிழவன் நிற்பதைப் பார்த்து மாணவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உள்ளே முகமில்லாதவன் ஓடுகிறான், விழுகிறான், எழுகிறான். பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். விசில் அடிக்கிறது. என் கட்டைவிரல் துடிக்கிறது.

நான் நிறுத்துவதில்லை.